தோள் அறுவை சிகிச்சை முடிந்தது, இனி ஸ்டெம் செல் ஊசியும் வேண்டுமா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 56 வயது. சின்ன வயதிலிருந்தே செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். சில மாதங்களுக்கு முன் உயரமான மரத்தில் மட்டையை இழுக்கும்போது வலது தோளில் சடக்கென்று ஏதோ விட்டுப்போனது. அதற்குப் பிறகு கையைத் தூக்க முடியவில்லை. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, தோள் ஜவ்வு பெரிதாகக் கிழிந்திருக்கிறது என்றார்கள். ஐந்து வாரத்துக்கு முன் ஈப்போவில் துளை போட்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். "நன்றாகத்தான் தைத்திருக்கிறோம், ஆனால் கிழிசல் பெரிசு, முழுசாக ஒட்டும் என்று உறுதி சொல்ல முடியாது" என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

என் அக்கா மகன் ஃபேஸ்புக்கில் ஒரு கிளினிக்கின் விளம்பரத்தைக் காட்டினான். தொப்புள்கொடி ஸ்டெம் செல் ஊசியை மூன்று முறை போட்டால் ஜவ்வு புதிதாக வளர்ந்துவிடுமாம். மொத்தம் 18,000 வெள்ளி (ரிங்கிட்). மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் நகையை அடகு வைத்தால் கட்டிவிடலாம். போடலாமா? இவருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு, சிகரெட்டும் பிடிப்பார். தெரிந்த அண்ணன் ஒருவர், எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சீக்கிரம் சரியாகும் என்கிறார். இவரோ வலி குறைந்துவிட்டது என்று ஸ்லிங்கைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டார் ஓட்டப் பார்க்கிறார். எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதையும் சொல்லுங்கள்.

வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

சகோதரி, நகையை அடகு வைக்காதீர்கள். அந்த ஊசி உங்கள் கணவருக்கு வேண்டாம். ஸ்டெம் செல் என்றாலே ஏமாற்று என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. தசையை எலும்போடு பிணைக்கும் நாரான தசைநாண் தோளில் ஒட்டுவதற்கு, வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லான ஸ்டெம் செல் உதவுமா என்று நல்ல மருத்துவர்கள் பல நாடுகளில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நம்பிக்கை தரும் முடிவுகளும் வந்திருக்கின்றன. ஆனால் அவர்கள் செய்தது வேறு, அந்தக் கிளினிக் உங்களுக்கு விற்கப் பார்ப்பது வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 18,000 வெள்ளி என்பது தோட்டத்துக் குடும்பத்துக்குச் சின்னப் பணம் இல்லை. வேண்டாம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டால், அடுத்த வாரமே இன்னொரு விளம்பரம் உங்கள் மனத்தை மாற்றிவிடும்.

முதலில், அந்தத் தோளுக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகள் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை மூடிப் பிடித்திருக்கின்றன. ரோட்டேட்டர் கஃப் என்பது இதுதான். நீங்கள் ஜவ்வு என்று எழுதியிருப்பதும் இதைத்தான். குலை வெட்டுகிறவர் நீளக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெட்டி இழுக்கிறார். நாள் முழுக்க, வருடக்கணக்கில். அந்த இழுவை அத்தனையையும் இந்தத் தசைநாண்கள்தான் தாங்குகின்றன. பல வருடம் தேய்ந்து நைந்திருந்த இடம் ஒருநாள் சடக்கென்று விட்டுப்போகிறது. அப்போது விட்டுப்போனது தெரியும். அதற்கு முன் நைந்துகொண்டிருந்தது தெரியாது.

தசைநாண் எலும்போடு சேரும் இடத்தை உடம்பு நான்கு அடுக்காகக் கட்டியிருக்கிறது. தசைநாணை அடுத்து மெத்தென்ற நார்க்குருத்தெலும்பு, அதற்கடுத்து சுண்ணாம்புச் சத்து ஏறிய நார்க்குருத்தெலும்பு, கடைசியில் எலும்பு. மெத்தென்றிருப்பது படிப்படியாகக் கடினமாக மாறுவதால் இழுவிசை ஒரே இடத்தில் குவிவதில்லை. ஒருமுறை பிய்ந்த பிறகு, எவ்வளவு கைதேர்ந்த மருத்துவர் தைத்தாலும், உடம்பு இந்த நான்கு அடுக்கையும் பழையபடி கட்டுவதில்லை. தழும்புத் திசுவைக் கொண்டு ஒட்டுகிறது. அது பழைய இணைப்பு அளவுக்குப் பலமானதில்லை. ஸ்டெம் செல் ஆராய்ச்சியே இந்தக் குறையிலிருந்துதான் தொடங்குகிறது.

அறுவை மருத்துவர் எலும்பில் ஆங்கர் எனும் சின்னச் சின்னப் பிடிப்பான்களைப் பதித்து, அவற்றில் இருக்கும் நூலால் தசைநாணை எலும்போடு அழுத்திக் கட்டியிருக்கிறார். ரப்பர் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மொட்டுக் கண்ணை வைத்து நாடாவால் இறுக்கிக் கட்டுகிறோம். நாடா செய்வது பிடித்துக்கொண்டிருக்கும் வேலை மட்டும்தான், ஒட்டுவது செடி. நடுவில் யாராவது ஆட்டி அசைத்துவிட்டால் கண் காய்ந்துபோகும். உங்கள் கணவரின் தோளில் இப்போது நூல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐந்தாவது வாரத்தில் அங்கே உருவாகியிருக்கும் தழும்பு இளசு. மூன்று மாதம் ஆகும்போதுதான் ஓரளவு பலம் ஏறும். அது முற்றி இறுகுவதற்கு ஒரு வருடம்கூட ஆகும். வலி மட்டும் அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். இதனால்தான் எனக்கு இந்தக் கட்டம் கவலை தருகிறது. நோயாளி தெம்பாக இருப்பதாக நினைக்கும் வாரங்களும் தையல் விட்டுப்போக வாய்ப்புள்ள வாரங்களும் ஒன்றாகவே வருகின்றன. மீண்டும் கிழிவதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்துக்குள் நடக்கிறது.

"உறுதி சொல்ல முடியாது" என்று உங்கள் டாக்டர் சொன்னது நேர்மையான வார்த்தை. அதை நினைத்துப் பயப்படாதீர்கள். 2004-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. பெரிய கிழிசல்களைத் துளை வழியாகத் தைத்துக்கொண்ட 18 பேரை ஒரு வருடம் கழித்து அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 17 பேருக்குத் தையல் மீண்டும் விட்டிருந்தது. படித்தால் நெஞ்சு பதறும். ஆனால் அதே ஆட்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சமயத்தில் வலி குறைந்திருந்தது, கையைத் தலைக்கு மேல் தூக்கவும் முடிந்தது. இரண்டாவது வருடத்தில் அந்த நன்மை ஓரளவு குறைந்தது உண்மைதான், ஆனாலும் அறுவைக்கு முன்பிருந்த நிலைக்கு அவர்கள் திரும்பிப் போய்விடவில்லை. அதற்குப் பிறகு தைக்கும் முறைகளும் நன்றாகவே முன்னேறியிருக்கின்றன. ஆக, படத்தில் தெரியும் கிழிசலும் வாழ்க்கையில் கை செய்யும் வேலையும் எப்போதும் ஒரே கணக்காக வருவதில்லை.

சரி, ஸ்டெம் செல்லுக்கு வருகிறேன். இதில் எல்லாரும் எடுத்துக்காட்டும் ஆய்வு 2014-இல் பிரான்சிலிருந்து வந்தது. ஹெர்னிகூ என்ற எலும்பு அறுவை மருத்துவரின் குழு செய்தது. 45 பேருக்குத் தோள் தசைநாணைத் தைக்கும்போதே அவர்களுடைய சொந்த இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல் அடங்கிய மஜ்ஜையை உறிஞ்சி, அதைச் செறிவாக்கி, தைத்த இடத்தில் செலுத்தினார்கள். அதே போன்ற கிழிசல் உள்ள வேறு 45 பேருக்குத் தையல் மட்டும். ஆறு மாதத்தில் மஜ்ஜை பெற்ற 45 பேருக்கும் ஒட்டியிருந்தது. மற்றவர்களில் 30 பேருக்குத்தான் ஒட்டியிருந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது முதல் கூட்டத்தில் 87 சதவீதம் பேருக்குத் தசைநாண் அப்படியே இருந்தது, இரண்டாவது கூட்டத்தில் 44 சதவீதம் பேருக்கு. பெரிய வித்தியாசம்தான். அந்தக் கிளினிக்கின் விளம்பரத்தில் இந்த எண்களை நீங்கள் பார்த்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் அந்த ஆய்வில் யாருக்கு மஜ்ஜை, யாருக்குத் தையல் மட்டும் என்று குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. ஒரே மாதிரி ஆட்களைத் தேடி எடுத்து ஒப்பிட்டார்கள். இப்படிச் செய்தால், நாம் கவனிக்காத வேறு வித்தியாசங்கள் முடிவுக்குள் புகுந்துவிட வாய்ப்பு உண்டு. பின்னர் 2023-இல் அமெரிக்காவில் குலுக்கல் முறையிலேயே ஓர் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். அதிலும் தைக்கும்போதே சொந்த மஜ்ஜையைச் சேர்த்தார்கள். ஒரு வருடம் கழித்து எடுத்த எம்ஆர்ஐ படத்தில் மஜ்ஜை பெற்றவர்களின் தசைநாண் நன்றாகத் தெரிந்தது. ஆனால் வலி எவ்வளவு, கையால் என்னென்ன செய்ய முடிகிறது என்று நோயாளிகளே சொன்ன கணக்கில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கொரியாவில் 2017-இல் வந்த ஆய்வும் ஏறக்குறைய இதே கதைதான். நோயாளியின் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை, தைக்கும்போது ஒரு பசையோடு கலந்து வைத்தார்கள். மீண்டும் கிழிந்தது 28.5 சதவீதத்திலிருந்து 14.3 சதவீதமாகக் குறைந்தது. நோயாளிகள் உணர்ந்த நன்மை மட்டும் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். செல் நோயாளியின் சொந்த உடம்பிலிருந்து வந்தது. அதை வைத்தது அறுவை சிகிச்சை மேசையில், தசைநாணும் எலும்பும் திறந்திருந்த நேரத்தில், சரியாகத் தைத்த இடத்திலேயே. உங்கள் கணவருக்கு அந்த நேரம் ஐந்து வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. தைத்து ஐந்து வாரம் ஆனவருக்கு, யாரோ ஒரு குழந்தையின் தொப்புள்கொடியிலிருந்து எடுத்ததை ஊசியில் ஏற்றினால் தசைநாண் புதிதாக வளரும் என்று அந்த மூன்று ஆய்வில் எதுவும் சொல்லவில்லை. ஒன்றுக்குக் கிடைத்த நல்ல பெயரை வைத்து இன்னொன்றை விற்கிறார்கள்.

"புதிதாக வளர்ந்துவிடும்" என்ற பேச்சும் சரியில்லை. எலும்பு மஜ்ஜையில் இந்த வகை ஸ்டெம் செல் மிகமிகக் குறைவு. ஒரு லட்சம் செல்லில் ஒன்றிலிருந்து பத்து வரைதான் இருக்கும். வைக்கப்பட்ட செல் தானே தசைநாணாக மாறி உட்கார்ந்துகொள்கிறது என்று ஆராய்ச்சியாளர்களே இப்போது பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. சுற்றியுள்ள செல்களுக்கு ரசாயன சமிக்ஞை அனுப்பி, வீக்கத்தை அடக்கி, ஒட்டும் வேலையைத் தூண்டுகிறது என்பதே இன்றைய கருத்து. உடம்பு செய்யும் வேலைக்கு உதவி, அவ்வளவுதான். உதவி செய்வதை அதிசயம் என்று சொல்லி விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்து, பாதுகாப்பு. 2018-இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து செய்த ஊசி போட்டுக்கொண்ட 12 பேருக்குக் கடுமையான பாக்டீரியா தொற்று வந்தது. மூட்டிலும் முதுகிலும் வலி என்று போனவர்கள், மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்டு நோய்த் தடுப்பு அமைப்பே அதை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. உங்கள் கணவரின் தோளில் ஆங்கரும் நூலும் இருக்கின்றன. இனிப்பு நீர் உள்ளவருக்குத் தொற்று சுலபமாகப் பிடிக்கும், சீக்கிரம் விடாது. அந்த மூட்டில் சீழ் பிடித்தால் திரும்பவும் திறந்து கழுவ வேண்டும், தைத்ததையே பிரிக்க வேண்டிவரலாம். பலன் இருக்கிறதா என்றே தெரியாத ஒன்றுக்காக அந்த ஆபத்தை நான் ஏற்கச் சொல்ல மாட்டேன்.

நம் மலேசியாவில் இதற்கு ஒழுங்குமுறை இருக்கிறது. இரத்தப் புற்று போன்ற நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைச் சுகாதார அமைச்சு நிலைபெற்ற சிகிச்சையாக ஏற்றிருக்கிறது. மூட்டுக்கும் தசைநாணுக்கும் ஸ்டெம் செல் போடுவது ஆராய்ச்சி நிலையில் உள்ளது. செல் சிகிச்சைப் பொருள்களை 2021 தொடக்கத்திலிருந்து என்பிஆர்ஏ என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் அக்கா மகன் கைப்பேசியில் கெட்டிக்காரனாகத் தெரிகிறான். அவனையே அந்தக் கிளினிக்குக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். இந்தப் பொருளுக்கு என்பிஆர்ஏ பதிவு எண் என்ன? இது ஆராய்ச்சி என்றால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் அதன் எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது? ஊசி போடப்போகிறவர் எலும்பு அறுவை நிபுணரா? பதிலை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். உண்மையான ஆராய்ச்சியில் சோதனை மருந்துக்குப் பொதுவாக நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள்; யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கக்கூடாது என்று கண்டிப்பான விதி இருக்கும்; பலன் கிடைக்காமலும் போகலாம் என்று எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அப்படிப்பட்ட ஆராய்ச்சி ஒன்றில் பல்கலைக்கழக மருத்துவமனை எதுவும் உங்கள் கணவரைச் சேர்க்க முன்வந்தால் எனக்கு எழுதுங்கள், அப்போது நானே போகச் சொல்லலாம். முகநூல் விளம்பரத்துக்கு வேண்டாம். ஸ்டெம் செல்லுக்குப் பதில் பிஆர்பி, அதாவது சொந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுச் செறிவு, போடலாம் என்று அவர்கள் பேச்சை மாற்றினாலும் அவசரப்படாதீர்கள். அதன் ஆய்வு முடிவுகளும் கலவையாகத்தான் இருக்கின்றன.

இனி, உங்கள் வீட்டிலேயே இருக்கிற மருந்து. அதைத்தான் நீங்கள் இன்னும் கையில் எடுக்கவில்லை.

இனிப்பு நீரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் எண்களே பேசுகின்றன. தோள் தசைநாண் தைத்துக்கொண்ட நோயாளிகளை வைத்துக் கொரிய மருத்துவர்கள் 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாதவர்களில் 43 சதவீதம் பேருக்குத் தையல் மீண்டும் விட்டது. கட்டுக்குள் வைத்திருந்தவர்களில் 26 சதவீதம் பேருக்குத்தான். விலை உயர்ந்த செல் கொண்டுவரும் வித்தியாசத்தோடு இதை வைத்துப் பாருங்கள் சகோதரி. இதற்கு அரசாங்க கிளினிக்கில் ஆகும் செலவு மிகக் குறைவு. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும். அந்த ஆய்வில் 7 என்ற எண்ணைத்தான் எல்லையாக வைத்தார்கள். அவருக்குக் கடைசியாக எப்போது எடுத்தார்கள், எவ்வளவு வந்தது என்று கார்டில் பாருங்கள். மாத்திரையை விடாமல் கொடுங்கள். இனிப்புப் பால் ஊற்றிய தே தாரேக்கை இந்த ஆறு மாதத்துக்காவது நிறுத்திவிட்டு, சீனியில்லாத தே ஓ குடிக்கச் சொல்லுங்கள். சோற்றைக் குறைத்து முட்டை, மீன், கோழி, பருப்பு, தௌஃபு என்று புரதத்தைக் கூட்டுங்கள். தழும்பு கட்டுவதற்கு உடம்புக்குப் புரதம் வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தால் மட்டும், புரதத்தைக் கூட்டும் முன் கிளினிக் டாக்டரிடம் கேளுங்கள்.

சிகரெட் விஷயத்தில் நான் இளக்கம் காட்டப்போவதில்லை. தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் இரத்த ஓட்டம் இயல்பாகவே குறைவு. நிக்கோட்டின் அந்தக் கொஞ்சத்தையும் சுருக்குகிறது. அரசாங்க கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை நிறுத்த ஆலோசனையும் மருந்தும் தருகிறார்கள். கேட்டால் பெயரைப் பதிந்து தேதி கொடுப்பார்கள். வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாறிவிட்டேன் என்று சொன்னால் ஏற்காதீர்கள், அதிலும் நிக்கோட்டின் உண்டு.

எண்ணெய் போட்டு உருவிவிடும் அண்ணனிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: தோள் வேண்டாம். அவர் கை பலருக்குச் சுளுக்கு எடுத்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே நூலில் தொங்கிக்கொண்டிருக்கும் தசைநாண் அவர் கைக்குத் தெரியாது. கையைப் பிடித்து இழுத்துச் சுற்றினால் ஒரே உட்காரலில் தையல் போய்விடும். நான் இப்படிப் போன தோள்களைப் பார்த்திருக்கிறேன். கழுத்தையும் முதுகையும் மெல்லத் தடவிவிடுவதில் தப்பில்லை.

வலி மாத்திரையையும் கடையில் தானாக வாங்கிப் போடவேண்டாம். வீக்கத்தைக் குறைக்கும் சில வகை மாத்திரைகள் தசைநாண் ஒட்டுவதைத் தாமதப்படுத்துமோ என்ற சந்தேகம் இருக்கிறது. இனிப்பு நீர் உள்ளவரின் சிறுநீரகத்துக்கும் அவை நல்லதில்லை. எதைப் போடலாம் என்று அறுவை செய்த டாக்டரையே கேளுங்கள்.

ஸ்லிங்கும் மோட்டாரும். பெரிய கிழிசலைத் தைத்தவர்களுக்குப் பொதுவாக ஆறு வாரம் ஸ்லிங் உண்டு. சில மருத்துவர்கள் கூடுதலாகவும் சொல்வார்கள். உங்கள் டாக்டர் எத்தனை வாரம் சொன்னாரோ அதுதான் கணக்கு. மோட்டார் ஓட்டுவதில் கைப்பிடியைப் பிடிப்பது பெரிய விஷயமில்லை. லாரித் தடத்தில் சறுக்கும்போது தன்னை அறியாமல் கையை வெடுக்கென்று இழுத்துப் பிடிப்பார் பாருங்கள், அந்த ஒரு நொடிதான் தையலைப் பிய்க்கும். கார் பின்னிருக்கையில் போகட்டும், அல்லது வீட்டில் இருக்கட்டும்.

வீட்டுக்குள் நடக்கிற சின்ன விஷயங்களைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. சட்டை போடும்போது அறுவை செய்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். தலைவழியாகப் போடும் டீசட்டை வேண்டாம், முன்னால் பொத்தான் உள்ளது போதும். குளிக்கும்போது கொஞ்சம் முன்னால் குனிந்தால் கை தானாக உடம்பைவிட்டு விலகித் தொங்கும், அப்போது அக்குளைத் துடைத்துவிடலாம்; அவரே கையை விலக்கித் தூக்கக்கூடாது. மல்லாந்து படுக்கும்போது முழங்கை மெத்தையில் பின்னால் சரிந்துவிடாதபடி அதன் அடியில் ஒரு தலையணை வையுங்கள். சாய்வு நாற்காலி இருந்தால் முதல் வாரங்களில் அதில் தூங்குவது இன்னும் நல்லது. கட்டிலிலிருந்து எழும்போது வலது கையை ஊன்றவிடாதீர்கள். தண்ணீர்ச் செம்பு, கதவு, கேஸ் சிலிண்டர் எதுவானாலும் இடது கை அல்லது நீங்கள்.

அசையாமல் வைத்திருப்பது என்றால் ஒன்றுமே செய்யாமல் இருப்பது இல்லை. விரல், மணிக்கட்டு, முழங்கை தினமும் அசையவேண்டும், இல்லாவிட்டால் அவையும் இறுகிவிடும். தோளை இயன்மருத்துவர், அதாவது பிசியோ, தன் கையால் தாங்கி அசைத்துக் கொடுப்பார். உங்கள் கணவர் தன் சொந்த பலத்தில் தூக்கக்கூடாது. ஆறு வாரத்துக்குப் பின் மெல்ல மெல்லத் தானே தூக்குவது. பன்னிரண்டு வாரத்துக்குப் பின்தான் பலம் ஏற்றும் பயிற்சி. பெரிய கிழிசலுக்கு இந்த அட்டவணையை இன்னும் தள்ளிப்போடுவார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வாராவாரம் போய்வருவது சிரமம் என்று எனக்குத் தெரியும். உள்ளூர் அரசாங்க மருத்துவமனையிலேயே பிசியோ செய்துகொள்ளக் கடிதம் தர முடியுமா என்று அடுத்த செக்கப்பில் கேளுங்கள். ஒவ்வொரு பயிற்சியையும் பிசியோ செய்துகாட்டும்போது கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தால் பாதி மறந்துபோகும்.

வேலை விஷயம் மனத்துக்குக் கஷ்டமானது, ஆனாலும் சொல்லவேண்டும். இலகுவான வேலைக்கே மூன்று நான்கு மாதம் ஆகும். தலைக்கு மேல் கம்பு பிடித்துக் குலை வெட்டுவதை ஆறு மாதத்துக்கு முன் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். இனிப்பு நீரோடு, 56 வயதில், இவ்வளவு பெரிய கிழிசலுக்குப் பிறகு உயர மரத்துக்குத் திரும்பவே கூடாது என்பதுதான் என் கருத்து. குள்ள மரத்தில் உளியால் வெட்டுவது, உதிரிப் பழம் கணக்குப் பார்ப்பது, நாற்றங்கால், காவல் என்று தோட்டத்தில் வேறு வேலை கேட்கலாம். அவை எல்லாவற்றிலும் கூட, எடுப்பது இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் இருக்கும்படி பார்க்கவேண்டும்.

நீங்கள் கடிதத்தில் ஒன்றை எழுதவே இல்லை, அதைத்தான் நான் தேடினேன். மட்டையை இழுக்கும்போது விட்டுப்போனது என்கிறீர்கள். அது வேலையிடத்தில் நடந்த விபத்து. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் புகார் கொடுத்தீர்களா? வேலையிட விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். தோட்ட ஆபீசில் அதைச் செய்தார்களா என்று கிராணியிடம் கேளுங்கள். செய்யவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். எம்.சி. (மருத்துவ விடுப்பு) சீட்டுகள், எம்ஆர்ஐ அறிக்கை, அறுவை சிகிச்சைக் குறிப்பு, அன்று பக்கத்தில் வேலை செய்தவரின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஈப்போ சொக்சோ ஆபீசுக்கு நேரில் போங்கள். ஏற்றுக்கொண்டால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினச் சம்பளக் கணக்கில் 80 சதவீதம் தற்காலிக ஊனத் தொகையாகக் கிடைக்கும். பின்னாளில் தோளில் குறை நின்றுபோனால் மருத்துவ வாரியம் பார்த்து நிரந்தர ஊனத்துக்கும் தொகை முடிவு செய்யும். வேலைக்குத் திரும்பவைக்கும் திட்டம் ஒன்றை சொக்சோ 2007-இலிருந்து நடத்திவருகிறது. முதலாளியிடம் பேசி இலகுவான வேலை ஏற்பாடு செய்வதும் அதில் சேரும். மலாக்காவில் அவர்களுக்குப் பெரிய மறுவாழ்வு மையமும் இருக்கிறது. நகையை அடகு வைத்து ஊசிக்குக் கொடுக்க நினைத்த குடும்பம், தனக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்காமல் விடக்கூடாது.

இவ்வளவும் செய்து, அப்புறமும் ஒட்டாமல் போனால்? அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இரவில் படுத்துக்கொண்டு தனியாக யோசிப்பதைவிட அது நல்லது. ஆறு மாதம் வாக்கில் அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுத்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் விட்டிருந்தாலும் வலி இல்லாமல், கை தூக்க முடிந்தால் பலருக்கு வேறு எதுவும் தேவைப்படாது. மிச்சமுள்ள தசைகளைப் பிசியோ பயிற்சியால் பலப்படுத்தினால் வீட்டு வேலைக்கும் இலகுவான வேலைக்கும் போதுமான கை கிடைக்கும். வலியும் பலவீனமும் அதிகம் என்றால் திரும்பத் தைக்கலாமா என்று பார்ப்பார்கள். சொந்த மஜ்ஜையைச் சேர்ப்பது பற்றி அறுவை மருத்துவரிடம் பேசவேண்டிய நேரம் அதுதான், ஏனென்றால் தசைநாணும் எலும்பும் அப்போது மறுபடி திறக்கப்படும். சில மருத்துவர்கள் தைக்கும் இடத்து எலும்பிலேயே சின்னத் துளைகள் போட்டு மஜ்ஜை கசிந்து வரவைப்பதும் உண்டு. அதற்கு வெளியிலிருந்து எதையும் வாங்கவேண்டியதில்லை. முந்தைய அறுவையின்போது அப்படித் துளை போட்டார்களா என்று உங்கள் டாக்டரையே கேட்டுப் பாருங்கள். தைக்கவே முடியாத நிலைக்கு, வயது கூடியவர்களுக்கு மூட்டின் உருண்டையையும் குழியையும் இடம் மாற்றிப் பொருத்தும் ரிவர்ஸ் முறைத் தோள் மூட்டு மாற்று என்ற வழியும் இருக்கிறது.

காய்ச்சல் வந்தாலோ, துளை போட்ட இடம் சிவந்து நீர் வடிந்தாலோ, இருக்கிற வலி ஒரே நாளில் சட்டென்று கூடினாலோ செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

இந்தப் பதிலை உங்கள் கணவரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். எச்பிஏ1சி எண்ணையும், சொக்சோவில் என்ன சொன்னார்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள். ஆறாவது மாதப் படம் வந்ததும் அறிக்கையில் உள்ளதை அப்படியே அனுப்புங்கள்; அதைப் பார்த்து மேற்கொண்டு பேசுவோம்.